நாலத்தனை: சகேயு என்ற ஆயக்காரனின் கணக்கு

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் என்னிடம் கட்டுரை கேட்டபோது, சீவக சிந்தாமணியைப் பற்றியோ, வந்தவாசிப் பக்கத்து எங்கள் ஜினாலயங்களைப் பற்றியோ எழுதித் தருவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். இரண்டும் எழுதியாகிவிட்டது. இம்முறை கிறிஸ்தவ வேதத்தில் உள்ள ஒரு பத்து வசனத்தை எடுத்துக்கொள்கிறேன். அரிசிக் கடை வைத்துப் பிழைத்த ஒரு தமிழ்ச் சமணனுக்கு அதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பதில் கட்டுரையின் போக்கில் வரும்.

அகமதாபாத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். பரியூஷணம் முடிந்தால் இங்கே தெருவெல்லாம் 'மிச்சாமி துக்கடம்'. சுவேதாம்பரர்கள் சம்வத்சரி நாளில் சொல்வார்கள். திகம்பர மரபில் வந்த எங்களுக்குத் தசலட்சணப் பருவம் முடிந்ததும் க்ஷமாவாணி. தெரிந்தோ தெரியாமலோ தவறு செய்திருந்தால் மன்னியுங்கள் என்று எல்லாரிடமும் கை கூப்புவது வழக்கம். முன்பு அச்சடித்த கார்டு அனுப்புவார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் ஒரே தட்டில் 300 பேருக்குப் போய்விடுகிறது.

2009ஆம் ஆண்டு க்ஷமாவாணி அன்று, மணிநகரில் என் கடைக்கு இட்லி அரிசி வாங்க வந்த ஒரு நண்பரிடமும் வழக்கம்போலக் கை கூப்பினேன். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். நாங்கள் அண்ணாச்சி என்றே கூப்பிடுவோம். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, "எதுக்கு, நயினாரே?" என்றார்.

"பொதுவாகச் சொல்றதுதான், அண்ணாச்சி."

"பொதுவா எப்படி மன்னிக்க? என்ன செஞ்சீகன்னு சொன்னாத்தானே நான் மன்னிக்கதா வேண்டாமான்னு பாக்க முடியும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் அது எனக்குள் நின்றுவிட்டது. ஏனென்றால் பெயர் சொல்லி, தொகை சொல்லிக் கேட்கவேண்டிய மன்னிப்பு ஒன்று என் பேரேட்டில் 22 வருஷமாகக் கிடந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அண்ணாச்சி மறுவாரம் தம் பழைய வேதாகமத்தைக் கொண்டுவந்து, லூக்கா எழுதின சுவிசேஷத்தில் 19ஆம் அதிகாரத்தை எடுத்துக் கொடுத்தார். எரிகோ பட்டணம். அங்கே சகேயு என்று ஒருவன், ஆயக்காரர்களுக்குத் தலைவன், பணக்காரன், குள்ளன். கூட்டத்தில் இயேசுவைப் பார்க்க முடியாமல் முன்னே ஓடி ஒரு காட்டத்தி மரத்தில் ஏறிக்கொள்கிறான். இயேசு அண்ணாந்து பார்த்து, அவனைப் பெயர் சொல்லி அழைத்து, இறங்கி வா, இன்று உன் வீட்டில் தங்கவேண்டும் என்கிறார். பாவியின் வீட்டுக்குப் போகிறாரே என்று ஊர் முணுமுணுக்கிறது. சகேயு எழுந்து நின்று, என் சொத்தில் பாதி ஏழைகளுக்கு, யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறான். இந்த வீட்டுக்கு இன்று மீட்பு வந்தது என்கிறார் இயேசு. கதை இவ்வளவே.

ஆயம் என்றால் சுங்கம். அந்தச் சுங்க வசூலைக் குத்தகைக்கு விடுவது அந்தக் காலத்து வழக்கம். குத்தகைத் தொகைக்கு மேல் வசூலிப்பதெல்லாம் வசூலிப்பவன் பைக்கு. எரிகோ வணிகப் பாதையில் இருந்த ஊர், பரிமளத் தைலச் செடித் தோட்டங்களுக்குப் பேர்போன ஊர். அப்படிப்பட்ட இடத்தில் தலைமை ஆயக்காரன் என்றால் எவ்வளவு புரண்டிருக்கும் என்று வியாபாரிக்குத் தனியாகச் சொல்லவேண்டாம். சகேயு என்ற பெயருக்கு எபிரேய மூலத்தில் 'தூயவன்' என்று பொருளாம். பெற்றவர்கள் வைத்த பெயர், பாவம்.

என்னை நிறுத்தியது அந்த 'நான்கு மடங்கு' என்ற கணக்கு. 1871ல் முழுமையாக வெளிவந்து இன்றும் சீர்திருத்தச் சபைகளில் படிக்கப்படும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'நாலத்தனை' என்ற அழகான சொல் இருக்கிறது. ஏன் நாலத்தனை? இரண்டத்தனையாக இருந்தால் என்ன? அதைத் தேடிக்கொண்டு நான் பின்னோக்கி மோசேயின் சட்டங்களுக்குப் போனேன். அந்தப் பகுதிகளை வியாபாரிகள் எல்லாரும் ஒருமுறை படிக்கவேண்டும் என்பேன்.

யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தில், ஆட்டைத் திருடி அறுத்தோ விற்றோவிட்டால் ஓர் ஆட்டுக்கு நான்கு ஆடு தரவேண்டும், மாட்டுக்கு ஐந்து மாடு. திருடியது உயிரோடு கையில் அகப்பட்டால் இரட்டிப்பு. இது பிடிபட்ட திருடனுக்கு. பிடிபடாமல் தானாகவே மனம் உறுத்தி வந்து சொல்கிறவனுக்கு வேறு கணக்கு. லேவியராகமம் 6ஆம் அதிகாரமும் எண்ணாகமம் 5ஆம் அதிகாரமும், அவன் தன் தவற்றை வாயால் அறிக்கை செய்து, முதலை முழுசாகக் கொடுத்து, அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரவேண்டும் என்கின்றன. நூறுக்கு நூற்றிருபது. வாங்கிக்கொள்ள ஆளோ உறவோ இல்லாவிட்டால்தான் அது ஆசாரியனுக்குப் போகும். பரிகாரப் பலியும் உண்டு, ஆனால் உடையவனுக்குச் சேரவேண்டியது சேராமல் பலி மட்டும் போதாது.

இப்போது சகேயுவைப் பாருங்கள். அவன் பிடிபடவில்லை. ரோம அரசாங்கமே அவன் பக்கம். சட்டப்படி அவன் தரவேண்டியது நூற்றிருபதுதான். அவன் தனக்குத் தானே ஆட்டுத் திருடனுக்குரிய அபராதத்தை விதித்துக்கொண்டான். 'வசூல்' என்று இதுவரை பெயர் வைத்திருந்ததற்கு, அன்றைக்குத் 'திருட்டு' என்று சரியான பெயரை வைத்தான். மனந்திரும்புதல் என்பதன் உட்பொருள் இதுதான் என்று என் சிற்றறிவுக்குப் படுகிறது.

அந்தச் சொல்லையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். எபிரேயத்தில் தீர்க்கதரிசிகள் பயன்படுத்தும் வினை 'ஷூவ்', திரும்பு என்று பொருள், வழிதப்பியவன் வந்த வழியே திரும்புவதுபோல. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் 'மெத்தானோயியா', மனம் வேறாவது. லத்தீன் வேதத்தில் இது 'பெனிதென்சியா' என்று ஆயிற்று. அதற்குத் தவம், தண்டனைச் செயல் என்ற வாசனையும் ஏறிக்கொண்டது. எராஸ்மஸ் 1516ல் கிரேக்க மூலத்தை அச்சிட்டு வெளியிட்டார். மறு வருஷம் மார்ட்டின் லூதர் தம் 95 கருத்துரைகளை எழுதியபோது, முதல் கருத்துரையே மனந்திரும்புதல் ஒரு நாள் சடங்கல்ல, வாழ்நாள் முழுவதற்கும் உரியது என்பதுதான். பாவமன்னிப்புச் சீட்டு என்று நம் பள்ளிப் பாடநூல்கள் சொல்லும் அந்தச் சீட்டு, சரியாகச் சொன்னால் பாவத்துக்குரிய தண்டனையைக் குறைப்பதாகச் சொல்லி விற்கப்பட்டது. லூதருடைய கோபத்தில் ஒரு வியாபாரக் கணக்கும் இருக்கிறது. சீட்டு வாங்குவதைவிட ஏழைக்குக் கொடுப்பது மேல் என்று அதே கருத்துரைகளில் எழுதியிருக்கிறார். தவறு செய்தது ஒருவனிடம், பணம் கட்டுவது இன்னோர் இடத்தில். இதை எந்தக் கணக்குப்பிள்ளை ஒப்புவான்?

நம் தமிழில் எப்படி வந்திருக்கிறது பாருங்கள். மனம், திரும்புதல். கிரேக்கத்திலிருந்து மனமும் எபிரேயத்திலிருந்து திரும்புதலும் ஒரே சொல்லில் வந்து உட்கார்ந்துகொண்டன. மொழிபெயர்த்தவர்கள் திட்டமிட்டுச் செய்தார்களோ, தமிழ் தானாகக் கொடுத்ததோ, நல்ல சொல். 1995ல் வந்த கத்தோலிக்கப் பொது மொழிபெயர்ப்பில் 'மனம் மாறுங்கள்' என்று இருக்கிறது. தெளிவான தமிழ்தான். ஆனாலும் பழைய சொல்லில் ஒரு வழி தெரிகிறது, நடக்கவேண்டிய தூரம் தெரிகிறது. எனக்கு அதுதான் பிடிக்கிறது.

கத்தோலிக்கர்களைக் குறைவாகச் சொல்வதாக யாரும் எண்ணவேண்டாம். திருட்டுப் பொருளைத் திருப்பித் தர முடிந்தும் தராதவனுக்கு மன்னிப்பு இல்லை என்று 5ஆம் நூற்றாண்டிலேயே அகுஸ்தீனார் ஒரு கடிதத்தில் கண்டிப்பாக எழுதியிருக்கிறார். 1992ல் வெளிவந்த அவர்களுடைய மறைக்கல்வி நூலும் பாவமன்னிப்புப் பெற்றவன் பிறருக்குச் செய்த சேதத்தைச் சரிசெய்யவேண்டும் என்றே சொல்கிறது. யூதர்களின் மிஷ்னா, பாவநிவர்த்தி நாள் கடவுளுக்கு எதிரான பாவத்தைத்தான் போக்கும், அயலானுக்குச் செய்ததை அயலானைச் சமாதானப்படுத்தாமல் போக்காது என்கிறது. இயேசுவும் மத்தேயு 5ஆம் அதிகாரத்தில், காணிக்கையைப் பீடத்துக்கு முன் அப்படியே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறார். காணிக்கை காத்திருக்கட்டும் என்று சொல்கிற சமயத்தலைவர்கள் எத்தனை பேர்?

இங்கே ஒரு எச்சரிக்கை. எல்லாச் சமயமும் ஒன்றையே சொல்கின்றன என்று மேடையில் பேசுவது சுலபம். நான் அப்படிப் பேசமாட்டேன். திருடாமை விரதத்துக்கு வரும் குறைகளை எங்கள் தத்துவார்த்த சூத்திரமும், சமந்தபத்திரர் அருளிய ரத்தினகரண்டக சிராவகாசாரமும் கணக்கிடும்போது, கூட்டிக் குறைத்து அளப்பதையும் கலப்படத்தையும் சேர்த்தே சொல்கின்றன. உபாகமமும் பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு படிக்கல் வைக்காதே என்கிறது. ஆமோஸ் என்ற தீர்க்கதரிசி, ஓய்வுநாள் எப்போது முடியும், மரக்காலைச் சிறிதாக்கிப் பதரையும் கோதுமையென்று விற்கலாம் என்று காத்திருக்கும் வியாபாரிகளைச் சாடுகிறார். அதைப் படித்தபோது எங்கள் கடைவீதியை எட்டிப் பார்த்துவிட்டு எழுதியவர்போல இருந்தது. இதுவரை ஒன்றுதான். ஆனால் எங்கள் நெறியில் மேலே இருந்து மன்னிக்க ஒருவர் இல்லை. வினையை அவனவன்தான் உதிர்க்கவேண்டும். கிறிஸ்தவத்தில் கிருபை முந்திக்கொள்கிறது. அண்ணாச்சி இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டார். "கவனிச்சுப் பாருங்க நயினாரே. கணக்குப் புஸ்தகத்தைத் தொறந்து காட்டு, அப்புறம் வீட்டுக்கு வாரேன்னு அவரு சொல்லல. முதல்ல வீட்டுக்கு வாரேன்னுட்டாரு. புஸ்தகம் அப்புறந்தான் தொறந்துது" என்பார். எனக்கு அந்தக் கிருபை இன்றுவரை முழுசாகப் பிடிபடவில்லை. ஆனால் அவர் சொல்லும் வரிசை மூலத்தில் அப்படித்தான் இருக்கிறது. அதை மாற்றிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

வேதத்துக்கு உண்மையாக இருப்பது என்றால் இந்த மாதிரி விஷயங்களில்தான் சோதனை. சகேயு பேசிய வினைகள் கிரேக்கத்தில் நிகழ்காலத்தில் இருக்கின்றன. ஆகவே அவன் ஏற்கெனவே அப்படிக் கொடுத்துக்கொண்டிருந்தவன், ஊரார் பழிக்குப் பதில் சொல்கிறான் என்று சில அறிஞர்கள் வாதிடுகிறார்கள். அமெரிக்க இயேசு சபை அறிஞர் ஜோசப் ஃபிட்ஸ்மையர் அந்தக் கட்சி. பலர் அப்படியல்ல, இனிமேல் செய்வதாகச் சொல்லும் உறுதிமொழி என்கிறார்கள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'கொடுக்கிறேன், செலுத்துகிறேன்' என்று நிகழ்காலத்திலேயே வைத்துவிட்டது. தமிழில் 'நாளைக்குத் தருகிறேன்' என்றும் சொல்லலாம், 'மாதாமாதம் தருகிறேன்' என்றும் சொல்லலாம், இரண்டுக்கும் இடம் இருக்கிறது. 'இன்று மீட்பு வந்தது' என்ற பதில் வருவதால் நான் உறுதிமொழிக் கட்சி.

இன்னொன்று. இதற்கு முந்தைய அதிகாரத்தில் ஒரு பணக்காரத் தலைவனிடம் எல்லாவற்றையும் விற்றுக் கொடு என்று இயேசு சொல்ல, அவன் துக்கத்தோடு நிற்கிறான். சகேயு பாதிதான் தந்தான், அது ஏற்கப்பட்டது. அளவு பெரிய விஷயமல்ல போலிருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் முடிந்தது என்றும் சொல்லமுடியாது. யூதாஸ் 30 வெள்ளிக்காசையும் ஒன்று குறையாமல் திருப்பிக் கொண்டுபோனான். மத்தேயு அங்கே 'மெத்தானோயியா' என்ற சொல்லைப் போடாமல் வேறு சொல் போடுகிறார், தமிழிலும் 'மனஸ்தாபப்பட்டு' என்று வேறாகவே இருக்கிறது. அவன் காசைக் கொண்டுபோய்க் கொடுத்தது ஆசாரியர்களிடம். யாருக்குத் துரோகம் செய்தானோ அவரிடம் திரும்பிப் போகவில்லை. பேதுரு மூன்று தரம் மறுதலித்தான், ஒரு காசும் கட்டவில்லை, ஆனால் திரும்பி வந்தான். இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் என் பழைய பேரேட்டை எடுத்தேன்.

1987. எனக்கு 29 வயது. சித்தப்பாவின் கடையில் நாள்வழியும் பற்று வரவும் என் பொறுப்பு. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து ஆலையில் வேலை பார்த்த ஒருவர் எங்களிடம் பற்று வைத்து அரிசி வாங்குவார். ஆலை மூடியதும் ஊருக்குக் கிளம்புமுன் பாக்கி 340 ரூபாயைத் தீர்த்துவிட்டார். நான் நாள்வழியில் எழுதியவன், அவர் பக்கத்தில் வரவு வைக்க மறந்துபோனேன். பத்து நாள் கழித்து, சாமான் கட்டிக்கொண்டிருந்தவரிடம் போய்ப் பாக்கி கேட்டேன். கொடுத்துவிட்டேன் என்றார். புத்தகத்தைக் காட்டினேன். சத்தம் போட்டேன். அக்கம்பக்கத்தார் பார்த்தார்கள். மறுநாள் மறுபடியும் 340 கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போனார். தீபாவளிக் கணக்கு முடிக்கும்போதுதான் நாள்வழியில் இரண்டு வரவும் கண்ணில் பட்டது. சித்தப்பாவிடம் சொன்னேன். ஆளே ஊரைவிட்டுப் போய்விட்டான், விடு என்றார். விட்டேன். அதற்குப் பிறகு 21 க்ஷமாவாணிக்கு ஊரெல்லாம் கை கூப்பியிருக்கிறேன்.

மோசே சட்டப்படி 340க்கு ஐந்தில் ஒரு பங்கு 68, ஆக 408 ரூபாய். சகேயு கணக்குப்படி 1,360. இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. 1987ல் 340 ரூபாய்க்கு எங்கள் கடையில் 75 கிலோ மூட்டை அரிசி ஒன்று வரும். இத்தனை வருஷம் கழித்து 1,360 ரூபாய்க்கு முக்கால் மூட்டைகூட வராது. நாலத்தனை என்று பேர், கொடுப்பதோ வாங்கியதைவிடக் குறைவு! அப்போதுதான் யாத்திராகமத்துச் சட்டம் ஆட்டுக்கு ஆடு என்று சொல்வதன் அருமை புரிந்தது. ஆட்டுக்கு விலைவாசி ஏற்றம் இல்லை. ஆகவே நான்கு மூட்டை அரிசி என்று வைத்துக்கொண்டேன்.

ஆளைத் தேடுவதற்கு அண்ணாச்சியும் நம் சங்கத்துப் பழைய ஆலைத் தொழிலாளர்கள் சிலரும் உதவினார்கள். ஒன்றரை வருஷம் ஆயிற்று. 2011ல் போனேன். அவர் காலமாகி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. மனைவி இருந்தார், மகன் இருந்தான். நான்கு மூட்டைக்கு அன்றைய விலையில் 9,500 ரூபாய் ஒரு கவரில் வைத்திருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்த அம்மாள் கவரைத் தொடவில்லை. ரொம்ப நேரம் கழித்து மகனைப் பார்த்து, "உங்கய்யா அன்னைக்கு பொய் சொல்லலடே" என்றார்.

பிறகுதான் எனக்கு விளங்கியது. ஊருக்குக் கொண்டுவரவேண்டிய பணத்தில் 340 குறைந்தபோது, கடைக்காரனுக்கு இரண்டு தரம் கொடுத்தேன் என்று அவர் சொன்னதை வீட்டில் யாரும் நம்பவில்லை. குடித்துவிட்டார் என்று முடிவு கட்டினார்கள். அம்மாளும் அப்படித்தான் நினைத்தாராம், கடைசிவரை. தாவீது அரசன் தன் படைவீரன் உரியாவைச் சாகவிட்டு, அவன் மனைவியை எடுத்துக்கொண்ட கதையும் அந்த வேதத்தில் இருக்கிறது. நாத்தான் என்ற தீர்க்கதரிசி ஓர் ஆட்டுக்குட்டிக் கதை சொல்லித் தாவீதை மடக்குகிறார். தாவீதும் கதையைக் கேட்டுக் கோபத்தில் நாலத்தனை கொடுக்கவேண்டும் என்றே தீர்ப்புச் சொல்கிறான், தீர்ப்பு தனக்குத்தான் என்று தெரியாமல். உரியாவுக்கு நாலத்தனை எங்கே கொடுப்பது? அதைப் படித்திருந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அர்த்தமாயிற்று.

கவரை மகன் வாங்கி வேதாகமத்துக்குள் வைத்தான். நான் எழுந்து விடைபெற்றபோது அந்த அம்மாள், "இருங்கய்யா. ரெண்டு தெரு தள்ளி அவுக அண்ணன் வீடு. அங்க வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க" என்றார். போனோம். மூத்தவருக்கு எண்பது வயதுக்கு மேலிருக்கும், கட்டிலில் சாய்ந்திருந்தார். முதல் தடவை சொன்னது அவர் காதில் சரியாக விழவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களும் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.